மீட்டர் ஓடிய காலம்

"நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? சரி, மீட்டர் ஓடுது, வச்சிடறேன்." பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த தமிழர் குடும்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. இரவு கட்டணம் குறையும் நேரம் பார்த்து எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று, ஊரில் இருக்கும் அம்மாவிடம் பேசியபடியே சுவரில் ஓடும் சிவப்பு எண்களைக் கணக்குப் பார்த்தவர்கள் நம்மில் பலர். இன்றோ நம் பிள்ளைகள் கைபேசியில் பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் கதை பேசுகிறார்கள். "எல்லாம் விஞ்ஞானத்தின் மகிமை" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மறுபாதி சட்டத்தின் கதை. கருவி முதலில் வந்து வாசலில் காத்து நிற்கும். கதவைத் திறப்பது சட்டம். அந்தக் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

இந்தியாவில் தந்திக் கம்பி முதன்முதலாக 1851-இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே இயங்கத் தொடங்கியது. 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் வந்தன. 1885-இல் ஆங்கிலேய அரசு இந்தியத் தந்திச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பி வழியே செய்தி அனுப்பும் வசதியை அமைக்கும் தனியுரிமை அரசுக்கே உண்டு, மற்றவர்கள் உரிமம் பெறவேண்டும் என்றது அதன் 4-ஆம் பிரிவு. தந்திக்கென்று எழுதிய அந்தச் சட்டம்தான் பின்னாளில் தொலைபேசி, வானொலி, கைபேசி, இணையம் என்று எல்லாவற்றையும் ஆண்டது!

சுதந்திரத்துக்குப் பிறகும் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் நீண்டது. நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதலில் வந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய தொலைபேசி நிலையங்களை உருவாக்கியது. அதே காலகட்டத்தில் தெருமுனைகளில் பூத்துகள் முளைத்தன. வீட்டில் ஃபோன் இல்லாதவருக்கும் ஊர் கிட்டே வந்தது.

இணையம் வந்ததும் இதே போலத்தான். 1986-இல் எர்னெட் என்ற கல்வி வலையமைப்புத் திட்டம் தொடங்கியது. ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை அதில் இருந்தன. அந்த மையத்தின் இயக்குநராக இருந்த சீனிவாசன் ரமணி இந்த முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர். 2014-இல் இணையப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வந்த மின்னஞ்சல் பொதுமக்களுக்கு வர 1995 ஆகஸ்ட் 15 வரை ஆயிற்று. அன்றுதான் வி.எஸ்.என்.எல். பொது இணையச் சேவையைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது 1998 நவம்பரில்.

இனி வருவதுதான் விசித்திரம். இணையத்தின் வழியே குரலை அனுப்பும் மென்பொருள் 1995-லேயே உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. துபாயில் இருக்கும் மகனோடு கணினியிலேயே பேசிவிடலாம்! ஆனால் நம் நாட்டில் அதற்குத் தடை. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கையும் "இப்போதைக்கு இல்லை" என்றே சொன்னது. அரசின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது: வெளிநாட்டு, வெளியூர் அழைப்புகளில் வந்த லாபம்தான் உள்ளூர்க் கட்டணத்தைக் குறைவாக வைத்திருந்தது. இருந்தாலும் அந்தச் சுமையைத் தாங்கியவர் யார்? குடும்பத்தைப் பிரிந்து தூர தேசத்தில் உழைத்தவர்தானே! 2002 ஏப்ரல் 1 அன்று தடை விலகியது. அதுவும் முழுதாக அல்ல. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். உள்நாட்டில் பாட்டி வீட்டுச் சாதாரண ஃபோனுக்குப் பேச முடியாது. எஸ்.டி.டி. நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற பி.எஸ்.என்.எல். திட்டம் 2006-இல் வந்தபோதுதான் வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் மீட்டர் பயம் குறைந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டமும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் தளத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று டிராய் விதி வகுத்தது. முந்தைய கதவுகளையெல்லாம் அரசு மனம் வைத்தபோது திறந்தது. இந்தக் கதவு மூடாமல் நின்றதற்குச் சாதாரண மக்கள் எழுதிய கடிதங்களும் காரணம்.

தந்திச் சேவை 2013 ஜூலையில் விடைபெற்றது. 1885-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும், இணையத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் அதிகாரம் புதிய சட்டத்திலும் அரசிடம் இருக்கிறது. வரம்பில்லாமல் நிறுத்திவைப்பது ஏற்கத்தக்கதல்ல என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பூத்தில் நின்ற தலைமுறை நாம். பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு எண்களின் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை அரசு கருத்துக் கேட்டால், "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிடாமல் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். ஊருக்கும் நமக்கும் நடுவே உள்ள தூரம் எத்தனை என்பதை அந்த நாலு வரியும் தீர்மானிக்கலாம்.