கொலு பார்க்

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்கு முன்னாலோ பக்கத்திலோ தரையில் அமைக்கப்படும் மலை, குளம், வயல், தெரு, கோயில் ஆகியவற்றின் சிறு உருவ நிலப்பரப்பைக் கொலு பார்க் என்பார்கள். சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் இது பெரும்பாலும் பிள்ளைகளின் பொறுப்பு. படியில் எந்தப் பொம்மை எங்கே என்பதை வழக்கம் தீர்மானிக்கிறது. 3, 5, 7, 9 எனப் படிகளின் எண்ணிக்கையும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். பார்க்குக்கு அப்படி விதி கிடையாது. பழநி மலையடிவாரத்தில் கிரிக்கெட் ஆட்டம் நடக்கலாம்.

படி கட்டுவது மகாளய அமாவாசையன்று. டிரங்குப் பெட்டி, பெஞ்சு, பலகை அடுக்கி வெள்ளை வேட்டி விரித்த காலம் போய், கழற்றி மாட்டும் இரும்புப் படிகள் வந்துவிட்டன. பார்க் வேலையை மட்டும் சில நாள் முன்பே தொடங்க வேண்டும். விதை முளைக்க அவகாசம் தேவை. கடுகு, வெந்தயம், கேழ்வரகு ஆகியவற்றை ஊறவைத்துத் தட்டில் ஈரமணல் பரப்பித் தூவுவார்கள். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றினால் அழுகிவிடும். முதல் நாள் புல்தரையாக இருப்பது சரஸ்வதி பூஜைக்குள் பொம்மையின் இடுப்பளவுப் பயிராக வளர்ந்து நிற்கும். பச்சைச் சாயமேற்றிய மரத்தூளுக்கு இந்த உயிர் இல்லை.

மலைதான் கடினமான பகுதி. உள்ளே செங்கல், கவிழ்த்த வாளி, அட்டைப் பெட்டி ஆகியவற்றை ஆடாமல் அடுக்க வேண்டும். செம்மண் குழம்பில் தோய்த்த பழைய கோணியை அதன்மேல் போர்த்தினால், காயும்போது மடிப்புகள் பாறையாக இறுகும். களிமண் பொம்மைகள் கனமானவை என்பதால் ஒவ்வொரு தட்டிலும் பொம்மையின் அடிப்பாகத்தைவிட அகலமான சமதளம் விட வேண்டும். கோணியைப் போர்த்திய பிறகு இதைச் சரிசெய்வது ஏறக்குறைய முடியாத காரியம். மலைப்படிகளுக்குத் தீப்பெட்டிகளோ தெர்மோகோல் துண்டுகளோ போதும். தெர்மோகோலில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அது கரைந்து குழியாகும். தண்ணீரில் கரையும் வண்ணமே பொருந்தும்.

குளத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் விளிம்பை மணல் மறைக்கும். பெரிய பொம்மைகளை முன்னாலும் சிறியவற்றை மலையுச்சியிலும் வைத்தால் அளவு வேறுபாடே தூரமாகத் தோன்றும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதைக் கடைகளில் வாங்கும் பொம்மைகள் ஒரே அளவில் அமையாததால் இந்த உத்தி மிகவும் உதவுகிறது.

சாந்தோம் பகுதியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் காகிதத்தைக் கசக்கிப் பாறை செய்கிறார்கள். போர் விளையாட்டுக்காக அறையின் தரையிலேயே நிலப்பரப்பு அமைக்கும் முறையை எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் விவரித்தார். அங்கே மேடும் காடும் படைகளின் நகர்வுக்குத் தடைகள். கொலு பார்க்கில் வெற்றி தோல்வி இல்லை. வெற்றிலை பாக்குக்கு வரும் விருந்தினர் குனிந்து பார்ப்பதே அதன் பயன்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைப்பார்கள். மறுநாள் பொம்மைகள் துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகும். மணலும் முளைப்பயிரும் தோட்டத்துக்கோ பூந்தொட்டிக்கோ போகும்.