மசோதா நடந்து வந்த பாதை

"பார்லிமெண்டில் இன்று இன்ன மசோதா நிறைவேறியது" என்று செய்தி அறிக்கையில் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பல மாதங்களின் வேலை, சில வேளைகளில் பல ஆண்டுகளின் வேலை, மறைந்து கிடக்கிறது. நாட்டின் அமைப்பையே மாற்றிய பெருஞ்சட்டங்களைப் பற்றிச் சரித்திர நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. தராசும் படிக்கல்லும் எப்படி இருக்க வேண்டும், ரூபாயை எத்தனை கூறாகப் பிரிக்க வேண்டும், தபாலை யார் பிரித்துப் பார்க்கலாம் என்பன போன்ற விஷயங்களைப் பற்றிய மசோதாக்களுக்கு அந்நூல்களில் அதிக இடம் கிடைப்பதில்லை. சாமானியக் குடிமகனின் வாழ்வை நாள்தோறும் தொடுபவை இவையே. இத்தகைய சாதாரண மசோதா எவ்வழியே நடந்து சட்டமாகிறது, அந்த வழியை யார் எப்போது போட்டார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

வழி போடப்பட்ட இடம் இங்கிலாந்து. பதினான்காம் நூற்றாண்டில் அந்நாட்டுக் காமன்ஸ் சபையாருக்குச் சட்டத்தைத் தாமே எழுதும் அதிகாரம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மக்களுக்கு உற்ற குறைகளை எழுதி அரசரிடம் விண்ணப்பம் செய்துகொள்வதே அவர்கள் வேலை. அரசர் மனம் இரங்கினால், சபை கலைந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, அரசருடைய நீதிபதிகளும் அதிகாரிகளும் அமர்ந்து அவ்விண்ணப்பத்தைச் சட்ட வடிவில் எழுதுவார்கள். அப்படி எழுதும்போது ஒரு சொல் கூடும். ஒரு சொல் குறையும். கேட்டது ஒன்றாகவும் கிடைத்தது வேறொன்றாகவும் இருக்கும். தட்டிக் கேட்க வேண்டியவர்களோ தத்தம் ஊர்களில் இருப்பார்கள்.

1414-ஆம் ஆண்டில் காமன்ஸ் சபையார் ஐந்தாம் ஹென்றி மன்னரிடம் இதைப் பற்றி முறையிட்டனர். தங்கள் சம்மதமின்றி, தாங்கள் கேட்டதன் பொருள் மாறும்படி எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. கேட்டதற்கு மாறாக எதையும் சட்டமாக்குவதில்லை என்று மன்னர் வாக்களித்தார். வேண்டாததை மறுத்துவிடும் உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். அடுத்து வந்த ஆறாம் ஹென்றியின் காலத்தில், விண்ணப்பத்துக்குப் பதிலாகச் சட்டத்தின் முழு வாசகத்தையே எழுதிக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. இன்று நாம் மசோதா என்று சொல்வது அதுவே. மசோதா என்பது உருது வழியாக நம்மிடம் வந்த அரபுச் சொல். எழுதித் திருத்துவதற்குரிய வரைவு என்பது அதன் பொருள். பொருத்தமான பெயர்தான்.

வாசகம் சபையின் கைக்கு வந்துவிட்டது. அதைச் சபையிலுள்ள அனைவரும் அறிவது எப்படி? அந்நாளில் மசோதாவின் பிரதி ஒன்றே ஒன்று, கையால் எழுதப்பட்டது. ஆகவே சபையின் குமாஸ்தா எழுந்து நின்று அதை உரக்கப் படிப்பார். முதல் முறை படிப்பது, வந்திருப்பது இன்னது என்று எல்லோரும் காதால் கேட்டு அறிவதற்காக. இரண்டாம் முறை படித்த பின், இது வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவார்கள். வேண்டும் என்று தீர்மானித்தால், ஒரு குழுவிடம் கொடுத்துச் சொல் சொல்லாகச் சீர்செய்வார்கள். திருத்திய வாசகத்தைத் தோல் சுவடியில் எழுதி மூன்றாம் முறை படிப்பார்கள். திருத்தியபடியே எழுதியிருக்கிறதா, இடையில் யாரேனும் கைவைத்தார்களா என்று சரிபார்க்கும் வாய்ப்பு அது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இம்மூன்று வாசிப்புகளும் நிலைத்த மரபாகிவிட்டன. 1414-இல் கேட்ட வரத்தைக் காப்பாற்றுவதற்குக் கட்டிய வேலி என்றே இதைச் சொல்லலாம்.

இங்கு ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கூட்டத் தொடரின் தொடக்கத்திலும், அரசரின் உரையை ஆராய்வதற்கு முன்னரே, காமன்ஸ் சபை ஒரு மசோதாவை முதல் முறையாக வாசித்ததாகப் பதிவு செய்கிறது. கள்ளத்தனமாக ஒருவரைச் சட்டப் பாதுகாப்புக்குப் புறம்பானவர் என்று அறிவிப்பதைத் தடுக்கும் பழைய மசோதா அது. அதற்கு அடுத்த வாசிப்பு என்பதே கிடையாது. அரசர் சொல்லும் வேலையைத் தொடங்குமுன் எங்கள் வேலையைத் தொடங்குவோம் என்று காட்டுவதற்காகவே அந்தச் சடங்கு நடக்கிறது.

நம் நாட்டுக்கு இம்முறை சுற்றுவழியாக வந்து சேர்ந்தது. 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் சென்னை, பம்பாய் அரசாங்கங்களின் சட்டமியற்றும் அதிகாரத்தை எடுத்துக் கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரலின் கவுன்சிலிடம் கொடுத்தது. அங்கே மூடிய அறைக்குள் சட்டம் பிறந்தது. 1853-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின்படி, சட்டம் செய்வதற்கென்றே பன்னிரண்டு பேர் கொண்ட கவுன்சில் மறு ஆண்டு கூடியது. அங்கத்தினர் அனைவரும் ஆங்கிலேயர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லர். எனினும் மசோதாக்களை வாய்ப்பேச்சாக விவாதித்தார்கள், குழுக்களுக்கு அனுப்பினார்கள், பொதுமக்களை உள்ளே விட்டார்கள், நடவடிக்கைகளை அச்சிட்டார்கள். முறை என்பதற்குத் தனி வலிமை உண்டு போலும்! அரசாங்கம் நியமித்த அந்தக் கவுன்சிலே நாளடைவில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. லண்டனில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டம், கையிலுள்ள மசோதாவைத் தவிர வேறெதையும் பேசலாகாது என்று அதன் வாயைக் கட்டிவிட்டது. அதே சட்டம்தான் சென்னைக்கும் பம்பாய்க்கும் சட்டமியற்றும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1921-இல் டில்லியில் இரண்டு சபைகள் தோன்றின. மத்தியச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக அமர்ந்தார்கள். மசோதா கடந்து செல்லும் படிகள் எதற்குப் பயன்படும் என்பதை இந்தச் சபையின் ஒரு சட்டம் நன்கு காட்டுகிறது. 1927-இல் அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதா என்னும் அங்கத்தினர், குழந்தை மணத்தைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். முதலில் அது இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெண்ணுக்கு 12, பிள்ளைக்கு 15 என்று வயது குறித்தது. அதற்கு முன் செய்த மணம் செல்லாது என்றது. செலக்ட் கமிட்டி என்னும் தேர்வுக் குழு அதை எடுத்து ஆராய்ந்தது. மணம் செல்லாது என்றால், தவறு செய்த பெரியவர்கள் தப்பிவிட, ஒன்றும் அறியாத சிறுமியன்றோ நடுத்தெருவில் நிற்பாள்? குழுவின் கையிலிருந்து மசோதா வேறு உருவத்தோடு வெளிவந்தது. மணத்தைச் செல்லாததாக்குவதை விட்டு, அதை நடத்துவோருக்குத் தண்டனை விதித்தது. எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவாயிற்று. வயது முறையே 14, 18 என்று உயர்ந்தது. 1929-இல் நிறைவேறிய அச்சட்டம் 1930 ஏப்ரல் 1-ஆம் நாள் அமலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் பெயரால் அதை இன்றும் சாரதா சட்டம் என்கிறோம். உண்மையில் அதன் பாதி, பெயர் தெரியாத குழு அங்கத்தினர்களுடைய கைவண்ணம்.

சுதந்திர இந்தியாவின் முதல் லோக சபை 1952-இல் கூடியபோது இப்பழைய படிகளையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. மந்திரி ஒருவர் மசோதாவை அறிமுகப்படுத்த அனுமதி கேட்கிறார். மசோதாவோடு அதன் நோக்கத்தையும் காரணத்தையும் கூறும் அறிக்கை, ஆகும் செலவைக் கூறும் குறிப்பு ஆகியவை இணைந்திருக்கும். அறிமுகம் ஆனதும் அது கெஜட்டில் வெளியாகிறது. அடுத்த கட்டத்தில் சபைக்குப் பல வழிகள் உண்டு: உடனே பரிசீலிக்கலாம், தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம், இரு சபைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பலாம், பொதுமக்களின் கருத்தை அறியச் சுற்றுக்கு விடலாம். அதன் பிறகு ஷரத்து ஷரத்தாக எடுத்து, திருத்தங்களைச் சபையின் முன் வைத்து, "ஆம்" என்போர், "இல்லை" என்போர் குரலைச் சபாநாயகர் கேட்கிறார். முதல் ஷரத்தையும் மசோதாவின் தலைப்பையும் கடைசியில்தான் எடுப்பார்கள். உடல் எப்படி அமைந்தது என்று தெரிந்த பிறகே பெயரை உறுதி செய்வது நியாயம்தானே?

ஷரத்து ஷரத்தாக ஆராய்வது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி என்றிருந்த கணக்கை மாற்றி, ரூபாயை நூறு கூறாக்கத் தீர்மானித்தார்கள். 1946-இலேயே அதற்கு ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 1955-ஆம் ஆண்டு நாணயத் திருத்தச் சட்டம்தான் அதை நிறைவேற்றியது. நூறு கூறு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா வருகிறது. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? எனவே 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். ஓரணாப் பண்டம் மூன்றைத் தனித்தனியே வாங்கினால் 18 பைசா. சேர்த்து வாங்கினால் 19. பதினாறை ஒவ்வொன்றாக வாங்கினால் 96 பைசாதான். முழு ரூபாய் ஆகாது. கடைக்காரருக்கு லாபமா, கூலிக்காரருக்கு நஷ்டமா என்பதெல்லாம் இத்தகைய பின்னங்களில் ஒளிந்திருக்கின்றன. சட்டத்தின் கொள்கையில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை; வாசகத்தில்தான் தெரியும்.

ஒரு சபையில் நிறைவேறிய மசோதா மற்றச் சபையிலும் இதே படிகளில் ஏற வேண்டும். பண மசோதாவானால் ராஜ்ய சபை 14 நாட்களுக்குள் தன் யோசனையைச் சொல்லலாம். அதற்கு மேல் அதிகாரம் இல்லை. சாதாரண மசோதாவில் இரு சபைகளும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டுக் கூட்டம் நடத்தலாம். வரதட்சணைத் தடை மசோதாவின் சில திருத்தங்களில் கருத்து ஒன்றாததால் 1961 மே மாதத்தில் முதல் முறையாக அத்தகைய கூட்டம் நடந்தது. பிறகு 1978-இலும் 2002-இலும் நடந்தது. இதுவரை அந்த மூன்றே முறைதான்.

மந்திரியல்லாத அங்கத்தினரும் மசோதா கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டரை மணி நேரம் அதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரு சபைகளிலும் நிறைவேறிச் சட்டமானவை பதினான்கு மட்டுமே. கடைசியாக ஆனது 1970-இல். அவற்றுள் ஒன்றை நாம் மறக்கலாகாது. பார்லிமெண்டில் அங்கத்தினர் பேசியதை உள்ளபடி வெளியிட்ட பத்திரிகை மீதும் மானநஷ்ட வழக்குத் தொடர இடமிருந்தது. 1956-இல் பெரோஸ் காந்தி கொண்டுவந்த மசோதா, தீய எண்ணமின்றி உண்மையாக வெளியிடும் செய்திக்குப் பாதுகாப்பு அளித்தது. வானொலிக்கும் அதில் பங்கு உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அச்சட்டத்தை நீக்கினார்கள். 1977-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். நம் காலத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை ராஜ்ய சபை 2015 ஏப்ரல் 24-ஆம் நாள் நிறைவேற்றியது. லோக சபையில் அது நிறைவேறவில்லை. 2019-இல் அரசாங்கமே வேறொரு சட்டம் கொண்டுவந்தது.

படிகள் இருக்கின்றன என்பது வேறு. அவற்றில் நின்று ஏறுகிறோம் என்பது வேறு. 1993-இல் இலாகாவாரியான நிலைக்குழுக்கள் ஏற்பட்டன. 2004-இல் அவை 24 ஆயின. 2009 முதல் 2014 வரை இருந்த பதினைந்தாம் லோக சபையின் காலத்தில், நூற்றுக்கு ஏறத்தாழ 71 மசோதாக்கள் குழுக்களின் ஆராய்ச்சிக்குச் சென்றன. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாம் லோக சபையின் காலத்தில் அத்தொகை ஏறத்தாழ 16. அவசரம் சில சமயம் தேவைதான். ஆனால் குழுவுக்குப் போகாத சாரதா மசோதா எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரு சபைகளையும் கடந்த மசோதா குடியரசுத் தலைவரின் சம்மதத்துக்குப் போகிறது. அவர் சம்மதிக்கலாம், மறுக்கலாம், பண மசோதாவல்லாத ஒன்றை மறு ஆலோசனைக்குத் திருப்பலாம். இத்தனை நாளுக்குள் என்று அரசியலமைப்பில் வரையறை இல்லை. 1986-இல் தபால் சட்டத்தைத் திருத்தும் மசோதா, கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு விரிந்த அதிகாரம் அளித்தது. இரு சபைகளும் அதை நிறைவேற்றிவிட்டன. குடியரசுத் தலைவர் ஜெயில்சிங் சம்மதமும் தரவில்லை, திருப்பவும் இல்லை. அடுத்து வந்த வெங்கட்ராமன் 1990-இல் அதைத் திருப்பி அனுப்பினார். 2002-இல் அரசாங்கம் அதை விலக்கிக்கொண்டது.

சம்மதம் கிடைத்தாலும் சட்டம் அன்றே அமலாக வேண்டும் என்பதில்லை. 1955-இன் நாணயச் சட்டம் 1957 ஏப்ரல் 1-ஆம் நாள்தான் கடைத்தெருவுக்கு வந்தது. ரூபாயின் நூறில் ஒரு கூறுக்கு என்ன பெயர் என்று அச்சட்டம் சொல்லவில்லை. பெயரை அரசாங்கம் கெஜட்டில் அறிவிக்கலாம் என்று விட்டுவிட்டது. இவ்வாறு விட்டுவைக்கும் அதிகாரங்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று கவனிக்கவே லோக சபை 1953-இல் ஒரு தனிக்குழுவை ஏற்படுத்தியிருந்தது. நாணயம் "நயா பைசா" என்ற பெயரோடு வந்தது. 1964 ஜூன் 1-ஆம் நாள் "நயா" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அதற்கு எந்த மசோதாவும் வேண்டியிருக்கவில்லை.