போர்ட் பிளேரின் ஓதமானி

1858ஆம் ஆண்டில் தண்டனைக் குடியேற்றமாக அமைந்த போர்ட் பிளேரின் சரித்திரம் என்றவுடன், சிறையின் கொடுமைகளும் தேசபக்தர்களின் தியாகமுமே நம் நினைவில் எழுகின்றன, அது முறையே. ஆயினும் அத்துறைமுகத்தில் அல்லும் பகலும் சமுத்திரத்தின் ஏற்றவற்றத்தைக் காகிதத்தில் வரைந்துவந்த ஓதமானி என்னும் யந்திரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

இந்தியக் கரைகளில் ஓதத்தை முறையாக அளக்கும் பணியை 1870களில் கட்சு வளைகுடாவில் தொடங்கி வைத்தவர், நில அளவைத் துறையின் ஏ. டபிள்யூ. பேர்டு என்னும் ராணுவப் பொறியாளர். 1881க்குள் போர்ட் பிளேர், சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலும் அப்பணி பரவிவிட்டது. ஓதமானிக்கென அமைத்த கரையோரக் கிணற்றினுள் சிறு துவாரத்தின் வழியாகவே கடல்நீர் புகுமாதலால், வெளியே அலைகள் எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே நீர்மட்டம் நிதானமாகவே ஏறி இறங்கும். அந்நீரில் கிடக்கும் மிதவை அசைய, அதனோடு பிணைத்த கம்பி சக்கரத்தைத் திருப்ப, சக்கரம் பென்சிலை நகர்த்த, கடிகாரத்தின் விசையால் சுழலும் உருளையின்மேல் சுற்றிய காகிதத்தில் வளைகோடு படரும். கடிகாரத்தைச் சரிபார்ப்பதும், காகிதத்தை மாற்றுவதும், அளவுகோலோடு ஒப்பிட்டுக் குறிப்பதும் காவலரின் நித்திய கடமைகள்.

1881 டிசம்பர் 31ஆம் நாள் காலையில் கார் நிக்கோபாருக்கு அருகே பெரும் பூகம்பம் நேர்ந்தது. பூகம்பத்தைப் பதிவு செய்யும் கருவிகள் இந்தியாவுக்கு வந்திராத காலம் அது. ஆனால் அதனால் எழுந்த ஆழிப்பேரலையை, வங்கக் கடலைச் சூழ்ந்த எட்டு ஓதமானிகள் தத்தம் காகிதங்களில் வரைந்துவிட்டன. அலையின் உயரம் எங்கும் 80 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. 1883 ஆகஸ்டில் சுந்தா நீரிணையில் கிரகதோவா எரிமலை வெடித்தபோதும், அதன் அலை போர்ட் பிளேர்க் காகிதத்தில் பதிந்தது.

அந்த 1881ஆம் ஆண்டுக் கோடுகளை ஆதாரமாகக் கொண்டே, ஓர்த்தீஸ், பில்ஹம் என்னும் இரு ஆய்வாளர்கள் அப்பூகம்பத்தின் அளவு 7.9 என 2003இல் கணித்தார்கள். மறு ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த பூகம்பமும் ஆழிப்பேரலையுமான பேரிடரில் போர்ட் பிளேர் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. அருகிலுள்ள சிப்பிகாட்டின் வயல்களில் கடல் புகுந்தது. அக்கரையில் முன்னரும் நிலம் அதிர்ந்து கடல் எழுந்ததுண்டு என்பதற்கு அந்தப் பழைய காகிதங்களே பிரமாணமாக நின்றன.

கணினித் திரையில் வட்டமும் முள்ளும் வரைந்து நீர்மட்டத்தைக் காட்டும் இளைஞர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறன் போற்றத்தக்கதே. எனினும் முள் காட்டுவது இந்தக் கணத்தை மட்டுமே. முள் நகர்ந்ததும் அந்த அளவு மறைந்துபோகிறது. 1881இல் அந்த ஓதமானிகளில் முள் மட்டுமே இருந்திருந்தால், அவற்றின் காவலர்களைத் தவிர வேறெவருக்கும் அந்த அலையின் அளவு தெரிந்திராது. ஆகவே, திரையில் மானியை வரைகின்ற ஒவ்வொருவரும் அதன் பக்கத்தில் காலத்தோடு கூடிய கோட்டையும் வரையுங்கள். அக்கோட்டை அழியாமல் சேமித்தும் வையுங்கள்.