முயல் வேட்டையும் நாய்க்குட்டிப் பயிற்சியும்: இரு கிரேக்க நூல்கள் தரும் சான்று

1. முன்னுரை

வேட்டைநாய் பழைய இலக்கியங்களில் பலகாலும் தோன்றுகின்றது. ஆனால் அது குட்டியாக இருந்தபோது எவ்வாறு பழக்கப்பட்டது என்பதை இலக்கியம் பெரும்பாலும் கூறுவதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கானவர் நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைத்து, தொடர்ச்சியாக மாட்டிய வலைகளின்பால் நெடுஞ்செவி முயல்களை வளைத்துப் பிடிக்கின்றனர். குறிஞ்சிப்பாட்டில் கூரிய பல்லும் நகமும் உடைய ஞமலிகள் மகளிரைச் சூழ்ந்து அச்சுறுத்துகின்றன. இரண்டிடத்தும் நாம் காண்பது பயிற்சி முற்றிய நாயையே. அப்பயிற்சியை அளித்தவர் அதனை எழுதி வைக்கவில்லை. வாய்மொழியாகவும் செய்கையாகவுமே அது அடுத்த தலைமுறைக்குச் சென்றிருத்தல் வேண்டும்.

இத்தகைய அறிவு நூல்வடிவம் பெற்ற அரிய இடங்களுள் ஒன்று பண்டைக் கிரேக்கம். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு இடைவெளியில் தோன்றிய இரு நூல்கள் முயல் வேட்டைக்கு நாய்க்குட்டியைப் பழக்கும் முறையை விளக்குகின்றன. வேட்டையின் நோக்கம் மாறியபோது பயிற்சியும் மாறியது என்பதையும், அம்மாற்றத்துக்கு இடையிலும் ஓர் அடிப்படை மாறாது நின்றது என்பதையும் அவற்றின்வழி நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

2. செனபோனின் நூல்

ஏதென்சைச் சேர்ந்த செனபோன் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்து கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வாழ்ந்தவர், சாக்ரடீசின் மாணவர், படைத்தலைவர். ஒலிம்பியாவுக்கு அருகிலுள்ள சில்லுசில் நிலம் பெற்று வாழ்ந்த காலத்தில் வேட்டையில் ஈடுபட்டவர். ‘கினெகெடிகோஸ்’ என்னும் வேட்டை நூல் அவர் பெயரில் வழங்குகின்றது. அதன் சில பகுதிகள் அவர் எழுதியவைதாமா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் நாய், முயல், வலை ஆகியன பற்றிய இயல்கள் பட்டறிவு மிக்க ஒருவருடையவை என்பதில் ஐயமில்லை.

இந்நூல் கூறும் வேட்டை மோப்பத்தை அடிப்படையாகக் கொண்டது. முயல் செல்லும் வழிகளில் வலைகள் கட்டப்படும். வலைக்காவலன் ஒருவன் அங்கு நிற்பான். நாய்கள் தடத்தை மோந்து சென்று முயலை எழுப்பி வலையை நோக்கித் துரத்தும். பெரும்பாணாற்றுப்படைக் காட்சியோடு இது பெரிதும் ஒத்திருப்பது கருதத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கொள்ள இடமில்லை. ஒரே விலங்கின் இயல்பு இரு நாட்டாரையும் ஒத்த வழியில் செலுத்தியது என்று கொள்வதே பொருந்தும்.

குட்டியின் வளர்ப்பு பிறப்பிலிருந்தே தொடங்குகின்றது. குட்டிகளைத் தம் தாயிடமே விடவேண்டும், வேறு நாயிடம் பால் குடிக்க விடுதல் நன்றன்று என்கிறார் செனபோன். தாயின் பாலும் மூச்சும் அரவணைப்பும் குட்டிக்கு நலம் தருவன. மிகுதியாக உண்ட குட்டியின் கால்கள் கோணிப்போகும் என்றும் எச்சரிக்கின்றார்.

பெயரிடுதலும் பயிற்சியின் பகுதியாகும். எளிதில் கூவி அழைப்பதற்கு ஏற்பப் பெயர் குறுகியதாக இருத்தல் வேண்டும் என்று கூறி 47 பெயர்களை அடுக்குகின்றார். உயிர், வேல், காவலன், மகிழ்ச்சி, கதிர் எனப் பொருள்படும் பெயர்கள் அவற்றுள் அடங்கும். பட்டியலின் இறுதிப் பெயர் ‘ஹோர்மே’. ‘பாய்ச்சல்’ என்பது அதன் பொருள். இப்பெயரை மீண்டும் காண்போம்.

பெண்குட்டியை எட்டாம் மாதத்திலும் ஆண்குட்டியைப் பத்தாம் மாதத்திலும் வேட்டைக்கு அழைத்துச் செல்லலாம். ஆனால் அவிழ்த்துவிடலாகாது. நீண்ட வாரில் பிணித்து, தடம் மோந்து செல்லும் மூத்த நாய்களின் பின்னே நடத்த வேண்டும். முயல் எழுந்தவுடன், நல்ல உடற்கட்டும் வேகமும் உள்ள குட்டியை உடனே விடுதல் தவறு. முயல் ஓடிக் கண்ணுக்கு மறைந்த பின்னரே விட வேண்டும். காரணத்தையும் அவரே கூறுகின்றார்: முயலைக் கண்ணெதிரே கண்ட குட்டி தன் ஆற்றலுக்கு மீறி ஓடும், முதிராத உடல் அதனைத் தாங்காது. ஓட்டத்தில் குறையுள்ள குட்டியை விடுவதில் தடையில்லை. பிடிக்கும் நம்பிக்கை இல்லாமையால் அது தானே நின்றுவிடும். ஆகவே பயிற்சியாளனின் கவலை மந்தமான குட்டியைப் பற்றியதன்று, ஆர்வம் மிக்க குட்டியைப் பற்றியதே.

குட்டிகளுக்கு வலையருகே உணவளிக்குமாறும் அவர் கூறுகின்றார். வழி தவறிய குட்டி உணவை நினைந்து அவ்விடம் திரும்பும். முயலைப் பகையாகக் கருதும் பருவம் வந்தபின் இவ்வேற்பாடு வேண்டியதில்லை. பசித்த வேளையில் உணவு தருபவனை நாய் அறிந்து அன்பு கொள்ளுமாதலால், உடையவன் தானே உணவளித்தல் நன்று என்பதும் அவர் கருத்து.

3. அர்ரியனின் நூல்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ரியன், அலெக்சாந்தரின் படையெடுப்பு வரலாற்றையும் ‘இண்டிகா’வையும் எழுதியவர் என்ற முறையில் இந்திய வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானவர். செனபோனைத் தம் முன்னோடியாகக் கொண்ட அவர், அந்நூலின் பெயராலேயே தாமும் ஒரு நூல் இயற்றினார். பார்வையால் துரத்தும் கெல்டிய விரைநாய்களைச் செனபோன் அறியார். அக்குறையை நிறைப்பதே தம் நோக்கம் என்கின்றார்.

இவ்வேட்டையில் வலை இல்லை. ஒரு முயலின்மேல் இரண்டுக்கு மேற்பட்ட நாய்களை விடலாகாது. முயலைக் கொல்வது நோக்கமன்று, ஓட்டத்தைக் காண்பதே நோக்கம். நன்கு ஓடிய முயலைத் தாமே நாய்களிடமிருந்து உயிருடன் மீட்டதுண்டு என்றும் எழுதுகின்றார். வலை வேட்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கடற்கொள்ளைக்கும் நேர்நின்று பொரும் கடற்போருக்கும் உள்ள வேறுபாடு போன்றதாம்.

நோக்கம் மாறவே பயிற்சியும் மாறுகின்றது. செனபோன் மறைத்த முயலை அர்ரியன் குட்டியின் கண்ணுக்குக் காட்டுகின்றார். திறந்த வெளியில், துணைக்கு ஒரு தேர்ந்த நாயோடு, குட்டி ஓடப் பழகுகின்றது. ஆனால் காத்திருப்பு குறையவில்லை, கூடுகின்றது. பெண்குட்டிக்கு ஏறத்தாழ பதினொரு மாதமும் ஆண்குட்டிக்கு இரண்டு ஆண்டும் நிரம்ப வேண்டும் என்கின்றார். மோப்ப நாயைவிட விரைநாயின் உடல் மிகுந்த உழைப்பைத் தாங்க வேண்டியிருத்தலின் இந்நீட்டிப்பு இயல்பானதே.

நாயைப் பெயர் சொல்லிப் புகழ வேண்டும், அது புகழ்ச்சியை உணரும் என்பது அவர் அறிவுரை. அவர் தம் நாய்க்கு இட்ட பெயர் ‘ஹோர்மே’. செனபோனின் பட்டியலில் இறுதியாக நின்ற அப்பெயர், அர்ரியன் வீட்டில் ஓர் உயிருள்ள நாயின் பெயராயிற்று. எழுதப்பட்ட அறிவு காலத்தைக் கடந்து வாழும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

4. இந்தியச் சூழல்

மான், பன்றி ஆகியவற்றின் வேட்டைக்கு இந்திய நாய்களைச் செனபோன் குறிப்பிடுகின்றார். ஆயின் அந்நாய்களைப் பழக்கிய இந்தியரின் முறையை அவர் கூறவில்லை. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ நாய்களைக் கொண்டு நிகழ்த்தும் விளையாட்டையும் வேட்டையையும் பேசுகின்றது; எனினும் அது அரசவையின் பார்வை. சிப்பிப்பாறை, கன்னி, முதோள் முதலிய விரைநாய் இனங்களைச் சிற்றூர்களில் வளர்த்து முயல் வேட்டைக்குப் பழக்கியோரின் அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் வழங்க இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விடத்தையும் அகற்றியது. காட்டுயிர்களின் நிலை நோக்கின் இத்தடை நேரியதே. ஆனால் தொழில் நின்றபோது அதன் சொற்களும் வழக்கிழக்கத் தொடங்கின. குட்டியை அழைக்கும் ஒலி, தடுத்து நிறுத்தும் ஏவல், வாருக்கும் ஓட்டத்துக்கும் வழங்கிய பெயர்கள் ஆகியவை முதியோர் நினைவோடு மறையக்கூடியவை.

5. முடிவுரை

இரு நூல்களும் வேட்டையின் நோக்கில் வேறுபடுகின்றன. தடுத்து வைக்கக் கற்றவனே விடுவதற்குத் தகுதியுடையவன் என்பதில் ஒன்றுபடுகின்றன. நம் நாட்டில் நாய் பழக்கியோரும் இவ்வுண்மையைத் தம் சொற்களில் அறிந்திருக்கக்கூடும். அச்சொற்கள் எவை என்பதை நூல்களில் தேட இயலாது. ஊர்களில்தான் தேட வேண்டும். வேட்டையை மீட்பதற்காக அன்று, மொழியின் ஒரு பகுதியைக் காப்பதற்காக அச்சொற்களைத் தொகுத்தல் களஆய்வாளர் முன் உள்ள கடமையாகும்.