கொடிமலைப் பங்களாக்களும் பின்கட்டுக் குசினிகளும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம்மில் பலர் தேடுவது பெரிய தங்கும் விடுதிகளை அல்ல. அடுப்பும் பாத்திரமும் உள்ள தனி வீட்டையே. பத்து பெரிங்கி கடலோரத்திலும் பாலேக் பூலாவ் பழத்தோட்டங்களுக்கு நடுவிலும் அத்தகைய வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அரிசி, மசாலைத்தூள், கருவேப்பிலைக் கொத்து எனச் சமையற்கட்டில் பாதியைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம். இவ்வீடுகளைப் பேச்சு வழக்கில் 'ஹோம்ஸ்தே' என்கிறோம். உண்மையில், 1995ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பெற்ற ஹோம்ஸ்தே திட்டம் வேறு. அதில் விருந்தினர் கிராமத்துக் குடும்பத்தோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து உண்பர். நாமே சமைத்து உண்ணும் வாடகை வீட்டுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

சென்ற விடுமுறையில் அப்படியொரு வீட்டில் தங்கியிருந்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அம்மா, விடுமுறைக்கு வீடு எடுத்துத் தங்குகிற பழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்கள்?" அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

பினாங்கைப் பொறுத்தவரை விடை நம் கண்ணெதிரே, கொடிமலையின் மேல் இருக்கிறது.

பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் கைக்கொண்டது 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். இரண்டே ஆண்டுகளில், 1788இல், மலைக்கு ஒரு பாதை வெட்டச் செய்தார். மேலே அவர் ஸ்ட்ராபெரி பயிரிட விரும்பினார் என்பர். மலையின் ஒரு பகுதிக்கு 'ஸ்ட்ராபெரி ஹில்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. ஆனால் பழத்தைவிட உயிரச்சமே வெள்ளையரை மலையேறச் செய்தது. தாழ்நிலத்தில் காய்ச்சல் கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டுபோயிற்று. லைட்டே 1794இல் மலேரியாவால் இறந்தார். சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என அக்காலத்தார் நம்பினர். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897இல்தான். காரணம் தவறாயினும் பலன் ஓரளவு சரியாகவே அமைந்தது. குளிர்ந்த உயரத்தில் காய்ச்சல் குறைவு. ஆகவே நோயாளிகள் உடல் தேறவும், அதிகாரிகள் இளைப்பாறவும் மலையில் பங்களாக்கள் எழுந்தன.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் சென்றது 1819இல். கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டியது 1845இல். இலங்கையின் நுவரெலியா உருப்பெற்றதும் 19ஆம் நூற்றாண்டில்தான். இவற்றுக்கெல்லாம் முன்பே நம் கொடிமலையில் கோடைவாசம் தொடங்கிவிட்டது.

'பங்களா' என்னும் சொல்லே வங்காளத்திலிருந்து வந்தது. வங்கத்துக் கிராம வீட்டின் சாயலில் அமைந்த தனி வீடு என்பது அதன் முதற்பொருள். கொடிமலையில் ஆளுநருக்கென 'பெல் ரெத்திரோ' என்னும் மாளிகை இருந்தது. அரசு அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் வேறு பங்களாக்கள் இருந்தன. விடுதியில் தங்க விரும்பியோர்க்குக் 'கிராக் ஹோட்டல்' இருந்தது. பங்களாவில் தங்கியோர் தம் உணவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 'தாமே' என்றால் வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் அடுப்பூதினார்கள் என்று பொருளல்ல. சமையற்காரரையும் எடுபிடி ஆட்களையும் ஊரிலிருந்தே அழைத்து வருவது அக்கால வழக்கம்.

மலை ரயில் வருமுன் துரைமார் மட்டக்குதிரையிலோ டோலியிலோ மேலேறினர். டோலி என்பது ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலி. அரிசி மூட்டை, கோழிக்கூடை என யாவும் மனிதச் சுமையாகவே மேலே சென்றன. ரயில் அமைக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முதல் முயற்சி தோற்றது. பின்னர் அமைந்த இழுவை ரயில் 1924 ஜனவரி முதல் நாள் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நடுவில் இறங்கி வேறு வண்டிக்கு மாறவேண்டிய அந்தப் பழைய ரயிலை நாம் அனைவரும் அறிவோம். 2010இல் அது நிறுத்தப்பட்டு, 2011இல் மாறாமல் நேரே செல்லும் புதிய வண்டி வந்தது.

மலாயாவின் வெள்ளையர் வீடுகளில் சமையல் பெரும்பாலும் ஹைனானியச் சீனர் கையில் இருந்தது. தோட்டம், தண்ணீர், விறகு, குதிரை, சலவை ஆகியவற்றில் நம்மவரைக் காணலாம். நம் சமையலும் அவ்வீடுகளில் நுழைந்தது. துரைமார் விரும்பி அருந்திய 'மல்லிகடானி' சூப்பு நம் 'மிளகுத்தண்ணீர்'தானே!

என் தாத்தா 1950களில் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை செய்தவர். ஹைனானியக் கோக்கிக்கு மசாலை அரைத்துக் கொடுப்பதும் விறகு பிளப்பதும் அவர் பணி. துரை விடுமுறைக்குக் கொடிமலை சென்றால் தாத்தாவும் உடன் செல்ல வேண்டும். "மலையில் என்ன பார்த்தீர்கள்?" என்று சிறுமியாக இருந்தபோது கேட்டேன். "குசினியைப் பார்த்தேன்" என்றார். அன்று அதை வேடிக்கையாக எண்ணிச் சிரித்தேன். ஒருவருடைய விடுமுறை இன்னொருவருடைய வேலை நாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கொடிமலை உச்சியில் அருளொளித் திருமுருகன் ஆலயம் நிற்கிறது. டோலி சுமந்தோரும் இந்தியச் சிப்பாய்களும் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிறு சன்னிதியே இவ்வாறு வளர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மலைக்குச் சுமை தூக்கி வந்தவர்கள் தமக்கென விட்டுச்சென்ற அடையாளம் அது ஒன்றுதான் போலும்.

2014இல் 'இந்தியன் சம்மர்ஸ்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரை இங்கே படம்பிடித்தார்கள். கதை நடப்பது 1930களின் சிம்லாவில். பழைய கிராக் ஹோட்டல் கட்டடம் அதில் துரைமாரின் கிளப்பாகத் தோன்றியது. சிம்லாவுக்குக் கொடிமலை பொருத்தமாக அமைந்ததில் வியப்பில்லை. இரண்டையும் கட்டியது ஒரே ஏற்பாடு, இரண்டையும் சுமந்ததும் ஒரே வகைத் தோள்கள்.

ஆசிரியர்களே, நம் மாணவர்களைக் கொடிமலைக்கு அழைத்துச் செல்கிறோம். ரயிலைக் காட்டுகிறோம், படம் எடுக்கிறோம், இறங்கி வருகிறோம். அடுத்த முறை ஒரு பழைய பங்களாவைக் கண்டால், அதன் முகப்பைப் பார்த்த பின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். புகைக்கும் தீக்கும் அஞ்சி அக்காலத்தில் குசினியை வீட்டைவிட்டுத் தள்ளிக் கட்டுவது வழக்கம். பணியாளர் அறைகளும் அதனை ஒட்டியே இருக்கும். "இங்கே யார் நின்று வேலை செய்திருப்பார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கட்டடமும் ஒரு வரலாற்றுச் சான்று என்பதை மாணவர் அங்கேயே கற்றுக்கொள்வர்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் செய்த வேலையைப் பற்றிப் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள்; கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதவும் சொல்லுங்கள். லைட்டின் பெயரைப் பாடநூல் காப்பாற்றிக்கொள்ளும். மசாலை அரைத்தவர் பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும். என் தாத்தாவிடம் நான் இன்னும் சில கேள்விகள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று பாலேக் பூலாவ் வீட்டில் என் மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது சோறு வெந்திருந்தது. அவள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, எங்களோடு அமர்ந்து உண்டாள். சமைத்தவரும் உண்டவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தோம். தாத்தா காணாத விடுமுறை அது.