விமான சாஸ்திரமும் யந்திரக் கல்வியும்

பறவையைக் கண்டு பறக்க விரும்பிய மனிதன், அளந்தறிந்த பின்னரே பறந்தான். 1901-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டேட்டன் நகரத்து ரைட் சகோதரர்கள், முன்னோர் எழுதிவைத்த கணக்குகள் தங்கள் அனுபவத்திற்கு ஒத்துவராமை கண்டு, காற்றுப்பெட்டி யொன்றைத் தாமே அமைத்து, ஏறக்குறைய 200 சிறு இறகுகளைச் சோதித்தனர். 1903-ல் அவர்களுடைய விமானம் எழும்பியதற்கு அச்சோதனை பேருதவி புரிந்தது.

இக்காலத்தில் அத்தகைய சோதனைகளிற் பெரும்பகுதி கணினிக்குள்ளேயே நடைபெறுகின்றது. எனினும், இறகைச் சூழ்ந்தோடும் காற்றை நுட்பமாகக் கணிக்க லக்ஷக்கணக்கான எண்களைக் கையாளவேண்டும். ஒரு கணக்கே பல மணிநேரம் கொள்ளும். விமானத்தை வகுப்போரோ வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பன்முறை கணிக்கவேண்டியவர். இவ்விடையூற்றை நீக்க உழைத்தவர்களுள் ஒருவராகிய காரென் வில்காக்ஸ் அம்மையாரின் சரிதத்தை நம்மவர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நியூஜீலந்து தேசத்தவராகிய இவ்வம்மையார், 1994-ல் ஆக்லாந்து ஸர்வகலாசாலையில் பொறியியற் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று, மாஸாச்சுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2000-ல் டாக்டர் பட்டமெய்தினார். போயிங் கம்பெனியில், உடலும் இறகும் ஒன்றாயிணைந்த புதுமாதிரி விமான வேலையிற் சிறிதுகாலம் ஈடுபட்டு, 2001-ல் தாம் பயின்ற கழகத்திலேயே ஆசிரியரானார். 2018-ல் ஆஸ்டின் நகரத்து டெக்ஸஸ் ஸர்வகலாசாலையில் ஓடன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார்.

எண்ணிறந்த கீர்த்தனங்கள் ஏழு ஸ்வரங்களில் அடங்குவதுபோலக் காற்றின் பல்வகை ஓட்டங்களும் சில மூலவடிவங்களில் ஏறக்குறைய அடங்கும். இவ்வுபாயத்தைக் காற்றின் கொந்தளிப்பை ஆராய்வதற்கு 1967-ல் லம்லி என்னும் அறிஞர் புகுத்தினார். வில்காக்ஸ் அம்மையார் அதனை விமானம் வகுக்கும் தொழிலுக்கேற்ப வளர்த்தார். 2016-ல் பெஹர்ஸ்டார்ஃபர் என்பாருடன் சேர்ந்து வெளியிட்ட முறையிலே, சமன்பாட்டின் உருவத்தைப் பௌதிக சாஸ்திரம் தருகின்றது. அதிலுள்ள எண்களை மட்டும் யந்திரம் முன்கணக்குகளினின்று கற்றுக்கொள்கின்றது.

இக்கட்டுப்பாடு ஏன் வேண்டுமெனின், படங்களைக் கண்டு கற்கும் யந்திரத்திற்குக் கோடிக்கணக்கான உதாரணங்கள் கிடைக்கும்; விமானத்திற்கோ உதாரணங்கள் சில. யந்திரத்திற்குப் பாடங் கற்பிப்பதற்காக விமானங்களை விழச்செய்தல் இயலுமோ? பிழை நேரின் அழிவன மனித உயிர்களன்றோ?

2021-ல் அவரும் மாணாக்கரும் ஆளில்லா விமானத்திற்கு டிஜிடல் இரட்டையொன்றை அமைக்கும் வழியை விளக்கினர். இறகு பழுதுற்றதை அளவுகருவிகளால் உணர்ந்து, அதன் வலிமைக்கேற்பப் பறக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள அவ்விரட்டை உதவும். 2022-ல் அமெரிக்கப் பொறியியற் பேரவை அவரைத் தன் அங்கத்தினராகத் தெரிந்தெடுத்தது.

பெண்ணுக்குக் கணிதம் எதற்கென்று வினவுவோர் நம்மவருள் இன்னும் உளர். இச்சரிதமே அவர்க்குத் தக்க விடை. யந்திரமும் சாஸ்திரத்தின் துணையின்றி நன்கு கற்கமாட்டாதெனின், நம் மக்களை, ஆணாயினும் பெண்ணாயினும், அடிப்படைக் கல்வியில்லாமல் விடுதல் தகுமோ? பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.