திரையில் தோன்றும் தலைவர்களும் திரைக்கு வெளியே நின்ற மக்களும்

ஒரு தேசத்தின் பிறப்பை நாடகமாக்க முனைவோர்க்கு இரு வழிகள் உள. தலைவர்களைச் சலவைக்கற் சிலைகளாக நிறுத்தி வணங்கச் செய்வது ஒன்று. அவர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டு வாதிட்ட மண்டபத்துக்குள் நம்மை அழைத்துச் செல்வது மற்றொன்று. சியாம் பெனகல் இயக்கி, 2014ஆம் ஆண்டில் இந்திய மாநிலங்களவைத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘சம்விதான்’ என்னும் பத்துப் பகுதித் தொடர் இரண்டாவது வழியைச் சார்ந்தது. 1988இல் நேருவின் நூலைத் தழுவி ‘பாரத் ஏக் கோஜ்’ தந்த அதே இயக்குநர், இங்கே இந்திய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களையே கதைப்பொருளாகக் கொண்டார்.

அச்சபை 1946 டிசம்பர் 9ஆம் நாள் கூடி, 1949 நவம்பர் 26ஆம் நாள் யாப்பை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் மொழி, சொத்து, சிறுபான்மையினர் உரிமை, தீண்டாமை ஆகியவை குறித்து வெளிப்படையாக வாதம் நிகழ்ந்தது. ஒரு சட்டப் பிரிவுக்குப் பின்னால் எத்தனை மனிதரின் அச்சமும் நம்பிக்கையும் மறைந்து கிடக்கின்றன என்பதை மாணவருக்கு உணர்த்த இத்தகைய நாடகம் துணைசெய்யும்.

எனினும், மண்டபம் மட்டுமே தேசம் அன்று. அச்சபை வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தெரிந்தெடுத்த சபையன்று. குறுகிய வாக்குரிமையால் அமைந்த மாகாண சபைகளே அதன் உறுப்பினரை அனுப்பின. அடிப்படை உரிமைகளின் நகலைக் கண்ட கம்யூனிஸ்ட் உறுப்பினர் சோமநாத் லாகிரி, அது ஒரு பொலிஸ்காரனின் நோக்கில் எழுதப்பட்டதுபோல் உள்ளதென 1947இல் இடித்துரைத்தார். அரசியலிற் சமத்துவமும் சமூக வாழ்விற் சமத்துவமின்மையும் கொண்ட முரணுக்குள் நாடு புகவிருப்பதாக, யாப்பு நிறைவேறுவதற்கு முதல்நாள் அம்பேத்கரே எச்சரித்தார். பம்பாய்க் கடற்படையினரின் கிளர்ச்சியும் தெலுங்கானா உழவரின் போராட்டமும் மண்டபத்துக்கு வெளியே எழுந்தவை. அவையின்றி அந்த வரலாறு நிறைவு பெறாது.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கையின் தோற்றத்தை இவ்வாறு நாடகமாக்க ஒருவர் முனைந்தால், எந்த மண்டபத்தைக் காட்டுவார்? இந்தியாவுக்கு முன்பே, 1931இல், நம் மக்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். ஆயினும் சுதந்திர இலங்கையின் யாப்பை வரைய அவ்வாக்குகளால் ஒரு சபை அமைக்கப்படவில்லை. ஐவர் ஜென்னிங்ஸின் துணையோடு அமைச்சர்கள் 1944இல் நகல் வரைந்தனர். சோல்பரி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1946இல் இலண்டனிலிருந்து ஆணை வந்தது. பேச்சுவார்த்தை மேசையே நம் தேசத்தின் தொட்டில்.

அந்தத் தொட்டிலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்ததா? டி. எஸ். சேனநாயக்க அரசாங்கம், சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி மலையகத் தொழிலாளரைப் பெருமளவில் நாடற்றோராக்கியது. மறு ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஓர் இடமும் பெறவில்லை. சிறுபான்மையினரின் காப்பெனக் கருதப்பட்ட யாப்பின் 29ஆம் பிரிவும் அவர்களைக் காக்கவில்லை. 1953இல் பிரிவிக் கவுன்சில் அச்சட்டங்கள் செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

அன்று அச்சட்டத்தை என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் முதலிய இடதுசாரிகள் எதிர்த்தனர். அது நமக்குப் பெருமை. ஆனால் வரலாற்றைப் பாதியில் நிறுத்துவது நேர்மையாகாது. அதே கொல்வின் அமைச்சராயிருந்து வடித்த 1972ஆம் ஆண்டு யாப்பு 29ஆம் பிரிவைக் கைவிட்டது. பௌத்தத்துக்கு முதன்மை வழங்கியது. சிங்களத்தின் தனியாட்சிக்கு யாப்பின் வலிமை சேர்த்தது. மொழி குறித்த கோரிக்கை மறுக்கப்பட, தமிழரசுக் கட்சியினர் 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தனர். நமக்கென ஒரு மண்டபம் வாய்த்தபோதும் அதன் கதவு ஒரு சாராருக்கு அடைபட்டே இருந்தது. இந்தக் காட்சியை மறைக்கும் முற்போக்கு, முற்போக்காகுமா?

புத்தளக் கரையோரத்தார்க்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியபோது சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் புத்தளத்தின் பிரதிநிதி எச். எஸ். இஸ்மாயில். உயர்ந்த ஆசனம் ஒருவருக்குக் கிடைத்தாலும், அவரை அனுப்பிய மக்களின் மொழிக்கு உரிய இடம் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலோர் இக்கரையிலேதான் வந்து ஒதுங்கினர். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். வாழ்வது ஓரிடம், வாக்குப் பதிவு வேறிடம் என்னும் நிலை பல குடும்பங்களுக்குப் பல்லாண்டுக் காலம் நீடித்தது. 2019 நவம்பர் 16ஆம் நாள், வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் புறப்பட்ட பேருந்துகள்மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரின் பொருள் என்னவென்று அந்தப் பேருந்துகளில் இருந்தோருக்குப் பாடநூல் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, இத்தகைய தொடர்களை மாணவருக்குக் காட்டுவோம். ஆனால் மூன்று வினாக்களோடு காட்டுவோம். இம்மண்டபத்துக்குள் வந்தவர் யார்? அவரை அனுப்பியவர் யார்? கதவுக்கு வெளியே நின்றவர் யார்? தேசத்தை நிறுவியோர் பட்டியலில் தேயிலைக் கொழுந்து பறித்த கைகளையும் உப்பளத்திலே வெந்த கால்களையும் சேர்த்தெழுதக் கற்ற மாணவன், எந்தத் திரையின் ஒளியிலும் கண் கூசி நிற்க மாட்டான்.